பார்வையாளர் குறைந்த மேடை: சென்னை சபா நாடகங்கள் தேய்ந்த வரலாறு

தமிழ் நாடகக் குழுவினர் எவரிடம் பேசினாலும், எத்தனை தடவை மேடையேற்றினோம் என்ற கணக்கு முதலில் வந்துவிடும். நூறாவது காட்சிக்கு ஒரு விழா, இருநூறாவது காட்சிக்கு ஒரு பிரமுகர் தலைமை, பொன்னாடை, கேடயம் என்று அந்த எண்ணிக்கையைக் கொண்டாடுவது இங்கே வழக்கம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் பெருமை போலத் தோன்றலாம். உண்மையில் ஒரு நாடகத்தின் உயிரே அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. முதல் காட்சியில் நீண்டு கிடந்த வசனம் பத்தாவது காட்சிக்குள் சுருங்கிக் கூர்மையாகிவிடும். ஜனங்கள் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், எங்கே இருமத் தொடங்குகிறார்கள், எங்கே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள் என்பது இருபது, முப்பது காட்சிகளில் எழுதியவருக்கும் நடிப்பவருக்கும் பிடிபட்டுவிடும். மேசையில் எழுதப்படுவது கைப்பிரதி மட்டுமே. அது நாடகமாவது பார்வையாளர் முன்னிலையில்.

இன்று சென்னையில் அரங்கேறும் புதிய தமிழ் நாடகங்களில் பெரும்பாலானவை ஒருசில காட்சிகளோடு நின்றுவிடுகின்றன. பார்க்க ஆள் வராததால், உறுப்பினர் சந்தாவில் நிகழ்ச்சிகள் நடத்தும் சபாக்கள் தேதி தருவதில்லை. தேதி கிடைக்காததால் நாடகம் பக்குவப்படுவதில்லை. பக்குவப்படாத நாடகத்தைப் பார்த்தவர் அடுத்த முறை வருவதில்லை. கூட்டம் குறைவதைப் பற்றிப் பேசும்போது வசூலைப் பற்றியே பேசிவிட்டுப் போகிறோம். கூட்டக் குறைவு நாடகத்தின் எழுத்தையும் நடிப்பையும் என்ன செய்கிறது என்பதும், இந்த நிலை எப்படி வந்தது என்பதும், இதிலிருந்து வெளியே வர என்ன வழி என்பதும் அதைவிட முக்கியமான கேள்விகள். சென்னையின் சபா நாடகம் இவற்றுக்கு நல்லதொரு பாடம்.

கொட்டகையும் டிக்கெட்டும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளிலும் தமிழ் நாடகம் டிக்கெட் வசூலில் வாழ்ந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்களை வைத்துக்கொண்டு கம்பெனிகள் ஊர் ஊராக முகாம் போட்டன. ஓர் ஊரில் கொட்டகை போட்டு, வாரக்கணக்கில் தங்கி, நாடகங்களை மாற்றி மாற்றி நடத்தின. நாற்காலி, பெஞ்சு, தரை என்று டிக்கெட் பிரிந்திருந்தது. மழை பிடித்துக்கொண்டால் வசூல் போகும். வசூல் போனால் சாமான்களை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவதே கஷ்டம். 1918இல் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய பால சபாவில் சிறுவர்களாகச் சேர்ந்தவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். அவர்களில் ஒருவரான அவ்வை தி.க. சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற நூலில் இந்த ஏற்ற இறக்கங்களை விரிவாகப் பதிந்திருக்கிறார்.

அந்த வாழ்க்கை கடினமானது. சிறுவர்களின் உழைப்பைச் சுரண்டிய பக்கமும் அதற்கு உண்டு. ஆனால் ஒன்றில் அது நேர்மையானது. நாடகம் பிடிக்கவில்லை என்றால் மறுநாள் இரவே கொட்டகை அதைச் சொல்லிவிடும். கம்பெனி உடனே நாடகத்தை மாற்றியாக வேண்டும், பாட்டைச் சேர்த்தாக வேண்டும், அல்லது ஊரைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். காசு கொடுத்தவருக்கும் நடிப்பவருக்கும் இடையே வேறொருவர் இல்லை.

1931 அக்டோபர் 31 அன்று முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளியானது. அடுத்த இருபது ஆண்டுகளில் நாடகக் கொட்டகைகள் பல சினிமாக் கொட்டகைகளாயின. நடிகர்களும் அதே வழியில் போனார்கள். என்.எஸ். கிருஷ்ணன், பி.யு. சின்னப்பா, எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன் எல்லோரும் நாடக மேடையில் வளர்ந்து திரைக்குப் போனவர்கள். தமிழ் நாடகம் தன் பார்வையாளரைப் பெருமளவில் இழந்தது அப்போதுதான் முதல் முறை.

சபா கட்டிய மேடை

அந்த இழப்பிலிருந்து நாடகம் மீண்டது வேறொரு வழியில். சினிமா வருவதற்கு வெகு முன்பே, 1891இல், பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் பிழைப்புக்காக இல்லாமல் ஆர்வத்துக்காக நடித்த அமைப்பு அது. படித்த குடும்பத்தவர் நாடகம் ஆடலாம் என்ற எண்ணத்தை அது சமூகத்தில் நிலைநாட்டியது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த எண்ணம் பெரிய இயக்கமாக விரிந்தது. 1952இல் ஒய்.ஜி. பார்த்தசாரதியும் பட்டுவும் யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ் குழுவைத் தொடங்கினார்கள். பின்வந்த ஆண்டுகளில் கே. பாலசந்தரின் ராகினி ரிக்ரியேஷன்ஸ், சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ், காத்தாடி ராமமூர்த்தியின் ஸ்டேஜ் கிரியேஷன்ஸ், கோமல் சுவாமிநாதனின் ஸ்டேஜ் ஃப்ரெண்ட்ஸ், எஸ்.வி. சேகரின் நாடகப்ரியா, கிரேஸி மோகனின் கிரேஸி கிரியேஷன்ஸ் என்று வரிசையாக வந்தன.

இந்தக் குழுக்களுக்கு மேடை தந்தவை சபாக்கள். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் திருவல்லிக்கேணியிலும் மாம்பலத்திலும் இருந்த சபாக்கள் உறுப்பினர்களிடம் சந்தா வாங்கின. அதற்கு ஈடாக மாதந்தோறும் ஒரு கச்சேரி, ஒரு நாடகம் என்று நிகழ்ச்சிகள் தந்தன. நாடகக் குழுவுக்கு ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று பேசிய தொகையைச் சபா கொடுத்துவிடும். அரங்கு நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் குழுவுக்கு நஷ்டம் இல்லை. ஒரு நாடகம் நன்றாக இருக்கிறது என்ற பேச்சு பரவிவிட்டால் நகரத்தில் உள்ள சபாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதைக் கேட்டு வாங்கும். வெளியூர்ச் சபாக்களும், பம்பாய், டெல்லி, கல்கத்தா தமிழ்ச் சங்கங்களும் அழைக்கும். ஐம்பது காட்சிகள் சர்வசாதாரணமாக நடந்தன.

இந்த முறையில் வெளியே தெரியாத மானியம் ஒன்றும் இருந்தது. நடிகர்களில் பெரும்பாலோர் அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் வேலை பார்த்தவர்கள். பாலசந்தர் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் இருந்தார். மாலை ஐந்தரைக்கு ஆபீஸ் முடியும். ஆறரைக்கு யாராவது ஒருவர் வீட்டு மாடியில் ஒத்திகை தொடங்கும். மாதச் சம்பளம் ஆபீஸிலிருந்து வந்ததால் நாடகம் அவர்களுக்குச் சோறு போட வேண்டிய தேவை இருக்கவில்லை. காட்சிக்குக் கிடைத்த பணம் செட்டுக்கும் மைக்குக்கும் லைட்டுக்கும் மேக்கப்புக்கும் வண்டிக்கும் போனது. சென்னையின் நாடகச் செலவில் பெரும்பங்கை அந்த அலுவலகங்கள் தங்களை அறியாமலேயே ஏற்றுக்கொண்டிருந்தன.

பலன் கண்கூடானது. ‘சர்வர் சுந்தரம்’, ‘நீர்க்குமிழி’, ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘எதிர்நீச்சல்’ ஆகியவை மேடையில் வெற்றி பெற்று, 1964 முதல் 1968 வரையான ஆண்டுகளில் படங்களாயின. 1968இல் சோ மேடையேற்றிய ‘முகமது பின் துக்ளக்’ அன்றைய அரசியலை நேரடியாகக் குத்திக்காட்டியது. ஆர்.எஸ். மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் ‘இலங்கேஸ்வரன்’ போன்ற புராண நாடகங்களைத் தந்திரக் காட்சிகளோடும் பிரம்மாண்டமான செட்டுகளோடும் நடத்தியது. 1980இல் கோமல் சுவாமிநாதன் குடிநீர் இல்லாத ஒரு கிராமத்தை வைத்து எழுதிய ‘தண்ணீர் தண்ணீர்’ சபா மேடையிலேயே வெற்றி பெற்று, மறு ஆண்டு திரைப்படமாயிற்று. சபா என்றாலே சிரிப்பு நாடகம்தான் என்ற இன்றைய எண்ணம் அன்றைக்குப் பொருந்தாது.

எங்கே போனார்கள்?

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை இரவு நாடகம், வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், ஞாயிற்றுக்கிழமை மாலை திரைப்படம் என்று வாரம் வகுக்கப்பட்டது. செவ்வாய்க்கிழமை நாடகங்களில் நடித்தவர்கள் பலர் சபா மேடைக்காரர்கள்தான். சபாவில் பார்த்த அதே முகங்களை வீட்டுக் கூடத்தில் காசில்லாமல் பார்க்க முடிந்தது. சபா நாடகத்துக்கு உரிய நாள்களான சனி, ஞாயிறு மாலைகளில் ஒன்றைத் தொலைக்காட்சித் திரைப்படம் எடுத்துக்கொண்டது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. 1999இல் தொடங்கிய ‘சித்தி’ போன்ற நெடுந்தொடர்கள் வாரநாள் இரவுகளையும் பிடித்துக்கொண்டன. மேடையில் பழகிய நடிகர்களுக்குத் தொடர்களில் தினசரி ஊதியம் கிடைத்தது. ஒத்திகைக்கு ஆள் கிடைப்பது கடினமாயிற்று.

தொலைக்காட்சி மீது மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. அதே காலத்தில் சென்னை விரிந்தது. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் நடந்தே சபாவுக்கு வந்துகொண்டிருந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறை வேளச்சேரிக்கும் தாம்பரத்துக்கும் அப்பால் வீடு வாங்கியது. இன்னொரு பகுதி பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போயிற்று. ஆறு மணி நாடகத்துக்கு வர நாலரை மணிக்கே கிளம்ப வேண்டும் என்ற நிலை வந்தது. நிலையான நேரம் கொண்ட ஆபீஸ் வேலை குறைந்து, இரவுப் பணியும் தொடர் பயணமும் கொண்ட வேலைகள் பெருகின. பார்வையாளரின் மாலையோடு நடிகரின் மாலையும் போயிற்று. நான் மேலே சொன்ன மறைமுக மானியம் இப்படித்தான் சத்தமின்றி நின்றது.

எல்லாவற்றையும்விட ஆழமான காரணம் சபா முறைக்குள்ளேயே இருந்தது. உறுப்பினர் சந்தாவில் நடக்கும் அரங்குக்குப் புதியவர் நுழைய வழி குறைவு. ஓர் இளைஞர் அன்றைக்கு மட்டும் டிக்கெட் வாங்கி உள்ளே போகலாமா, எவ்வளவு, எங்கே வாங்குவது என்பதே பல காலம் தெளிவாக இல்லை. சந்தா கட்டிய பெற்றோர் முதுமை அடைந்தபோது பிள்ளைகள் அந்த உறுப்பினர் அட்டையைப் புதுப்பிக்கவில்லை. குழுக்களோ பேசிய தொகை கைக்கு வந்ததால் பார்வையாளரைத் தேடிப் போகும் பழக்கத்தையே இழந்திருந்தன. விளம்பரம் செய்வது, கல்லூரிக்குப் போய்ப் பேசுவது, புதிய பகுதியில் நடத்திப் பார்ப்பது எல்லாம் சபாவின் வேலை என்று குழு நினைத்தது. குழுவின் வேலை என்று சபா நினைத்தது. அடுத்த தலைமுறைப் பார்வையாளரை உருவாக்கும் பொறுப்பு எவரிடமும் இல்லாமல் போயிற்று.

கணக்கு சொல்வது

1966இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவென் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் நிகழ்கலைகளின் பொருளாதாரத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். அதன் சாரம் எளிது. தொழிற்சாலையில் ஒரு பொருளைச் செய்யத் தேவையான மனித உழைப்பு ஆண்டுதோறும் குறைகிறது. மேடையில் அப்படிக் குறைக்க முடியாது. பத்துப் பேர் நடிக்கும் இரண்டு மணி நேர நாடகத்துக்கு 1965இலும் பத்துப் பேர், இரண்டு மணி நேரம். இன்றும் அதே பத்துப் பேர், அதே இரண்டு மணி நேரம். மற்ற துறைகளில் ஊதியம் ஏற ஏற, நாடகத்தின் செலவும் ஏறத்தான் செய்யும். ஆனால் அதன் உற்பத்தி ஏறாது. எனவே நாடகம் வெறும் டிக்கெட் வருமானத்தில் தன்னைத் தாங்கிக்கொள்வது காலப்போக்கில் மேலும் மேலும் கடினமாகும். இது நிர்வாகக் கோளாறால் வருவதல்ல, கலையின் இயல்பிலேயே உள்ள சிக்கல்.

பார்வையாளர் குறைவு இந்தச் சிக்கலை எப்படிப் பெருக்குகிறது என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாடகத்தின் ஒத்திகை, செட், உடை, இசைப் பதிவு எல்லாம் சேர்த்துத் தொடக்கச் செலவு ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அது ஐம்பது முறை நடந்தால் காட்சிக்கு 2,000 ரூபாய் வீதம் அந்தச் செலவு பிரிந்துபோகும். ஐந்து முறையே நடந்தால் காட்சிக்கு 20,000 ரூபாய். இதற்கு மேல் ஒவ்வொரு காட்சிக்கும் அரங்க வாடகை, லைட், மைக், வண்டி என்று தனிச் செலவு. ஐந்து காட்சிக் கணக்கில் எந்தக் குழுவும் நிமிர முடியாது. அதனால் அடுத்த நாடகத்தை எழுதும்போதே ஆசிரியரின் பேனாவைக் கணக்கு பிடித்துக்கொள்கிறது.

சுருங்கிய கலை

முதலில் குறைவது பாத்திரங்கள். பதினைந்து பேர் இருந்த கதை எட்டுப் பேருக்கும், பிறகு ஐந்து பேருக்கும் இறங்குகிறது. ஊர், கூட்டம், ஆர்ப்பாட்டம், கல்யாணம் ஆகியவை மேடையில் இருந்து மறைந்து, தொலைபேசியில் பேசிச் சொல்லும் செய்திகளாகின்றன. அடுத்தது செட். ஒரு சோபா, ஒரு டீப்பாய், பின்னால் ஒரு கதவு. எந்த நாடகமானாலும் நடுத்தர வர்க்க வீட்டின் அதே வரவேற்பறை. கதை அந்த அறைக்குள் அடங்கும்படியே எழுதப்படுகிறது. ‘தண்ணீர் தண்ணீர்’ போல ஒரு கிராமத்தையே மேடைக்குக் கொண்டுவர இன்று எந்தக் குழு துணியும்? மனோகரின் தந்திரக் காட்சிகள் அளவுக்கான பிரம்மாண்டம் சபா மேடையில் அரிதாகிவிட்டது.

மூன்றாவதாகச் சுருங்குவது பொருள். அரங்கில் மிஞ்சியிருப்பவர்கள் வயது முதிர்ந்த உறுப்பினர்கள் என்றால், அவர்களுக்கு ஏற்ற கதையே பாதுகாப்பானது. வெளிநாட்டில் இருக்கும் மகன், முதியோர் இல்லம், கூட்டுக் குடும்பத்தின் சிதைவு என்ற வட்டத்துக்குள் நாடகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. இல்லையென்றால் துணுக்குத் தோரணம். நகைச்சுவை தாழ்ந்தது என்று சொல்லவில்லை. கிரேஸி மோகன் சினிமாவில் உச்சத்தில் இருந்தபோதும் மேடையை விடாமல், 2008இல் அரங்கேறிய ‘சாக்லேட் கிருஷ்ணா’வை நூற்றுக்கணக்கான முறை நடத்தியவர். அவருடைய சிரிப்புக்குப் பின்னால் கட்டுக்கோப்பான சூழ்நிலை இருந்தது, பல்லாண்டுக் காலம் ஒன்றாக நடித்த குழு இருந்தது. 2019இல் அவர் மறைந்தபோது, வீட்டை விட்டு ஜனங்களை அரங்குக்கு இழுக்கும் பெயர்களில் முக்கியமானதை மேடை இழந்தது. அவரைப் பார்த்துத் துணுக்குகளை மட்டும் கோத்தவர்களிடம் அந்தக் கட்டுக்கோப்பு இல்லை. அது வர அவர்களுக்குக் காட்சிகளும் கிடைக்கவில்லை.

நான்காவது நடிப்பு. இதை அரங்கில் உட்கார்ந்து கவனித்தால் கண்ணெதிரே தெரியும். நூற்றுக்கணக்கான இருக்கைகள் உள்ள கூடத்தில் எழுபது எண்பது பேர் அங்கங்கே சிதறி உட்கார்ந்திருக்கிறார்கள். நன்கொடையாளருக்கென்று ஒதுக்கிய முதல் இரண்டு வரிசைகளில் யாரும் இல்லை. நடிகர் தன் நல்ல வசனத்தைச் சொல்லிவிட்டு, சிரிப்பு வரும் என்று கண்ணிமைக்கும் நேரம் நிறுத்துகிறார். மூன்றாவது தூணருகே ஒருவர் சிரிக்கிறார். பக்கத்து இருக்கை காலி என்பதால் அவர் சிரிப்பும் பாதியில் அடங்குகிறது. நடிகருக்கு அந்த இடைவெளி வெற்றிடமாகப் படுகிறது. அடுத்த வசனத்துக்குத் தாவுகிறார். அதற்கடுத்த நகைச்சுவையில் நிறுத்தவே பயந்து, குரலை உயர்த்துகிறார், கையை வீசுகிறார், மைக்கின் பக்கம் நகர்கிறார். பத்து நிமிடத்தில் நாடகத்தின் தாளம் கலைந்துவிடுகிறது. ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க உளவியலாளர், தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது மனிதர்கள் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டறிந்தார். சிரிப்பும் அழுகையும் மௌனமும் அரங்கில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுபவை. காலி இருக்கை அந்தத் தாவலை அறுத்துவிடுகிறது. வந்த எழுபது பேருக்கும் கிடைப்பது அரைகுறை நாடகம். கூட்டம் இல்லாததன் தண்டனையை வந்தவர்களும் சேர்ந்தே அனுபவிக்கிறார்கள்.

சபாவுக்கு வெளியே

சபா நாடகத்தின் எல்லையை உணர்ந்து வெளியே வந்தவர்கள் உண்டு. 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். 1978இல் சென்னையில் ஞாநியின் பரீக்‌ஷாவும் மதுரையில் மு. இராமசாமியின் நிஜ நாடக இயக்கமும் பிறந்தன. தமிழ் நடிப்பின் மொழியையே இவை மாற்றின. கூத்துப்பட்டறையில் பயின்ற நடிகர்களைத் திரையுலகம் இன்றும் கொண்டாடுகிறது. ஆனால் நிலையான பார்வையாளர் கூட்டம் என்று ஒன்று இவற்றுக்கும் அமையவில்லை. சில காட்சிகள், ஒரு விழா, பிறகு அடுத்த நாடகம் என்றே ஓட வேண்டியிருந்தது. மேடை வளர்த்த நடிகரை அதே மேடையில் தக்கவைக்கப் பார்வையாளர் எண்ணிக்கை போதவில்லை.

மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகம் வேறொரு முறையில் நிற்கிறது. கோயில் திருவிழாவுக்கு ஊர் வரி போட்டுப் பணம் கொடுக்கிறது. ‘வள்ளி திருமணம்’, ‘அரிச்சந்திரா’, ‘பவளக்கொடி’ என்று இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கிறது. டிக்கெட் கிடையாது. ஊரே புரவலர் என்பதால் கூட்டம் குறைந்தாலும் அன்றைய ஊதியம் நடிகருக்கு வந்துவிடும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பஃபூனும் நடனக்காரியும் வரும் முதல் பகுதியோடு கூட்டம் கலைந்துவிட்டால், நள்ளிரவுக்குப் பின் வரும் வள்ளி–நாரதர் தர்க்கத்தை ராகம் ராகமாக விரித்துப் பாட நடிகருக்கு என்ன உற்சாகம் இருக்கும்? அடுத்த ஆண்டு விழாக்குழு, நாடகத்துக்குப் பதில் சினிமாப் பாட்டுக் கச்சேரியை வைத்துவிட்டால் ஊதியமும் போய்விடும். புரவலர் சபாவானாலும் ஊரானாலும், பார்க்க ஆள் வேண்டும் என்ற விதி ஒன்றுதான்.

பிற ஊர்களில்

இந்த நெருக்கடி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் நகர நாடக அரங்குகள் அரை நூற்றாண்டாக நம் சபாக்களைப் போலவே ஆண்டுச் சந்தாவில் நடந்தவை. ஒரு பருவத்தின் எல்லா நாடகங்களுக்கும் சேர்த்து முன்பே பணம் கட்டிவிடுவது அங்கே நடைமுறை. அந்தச் சந்தாதாரர்களும் முதுமை அடைந்தார்கள். கொரோனாவுக்குப் பின் பலர் திரும்பவில்லை. அங்கே அரசு சார்பில் எடுக்கப்பட்ட கலைக் கணக்கெடுப்பின்படி, ஓராண்டில் இசை நாடகமல்லாத ஒரு நாடகத்தையாவது பார்த்த பெரியவர்கள் 2017இல் 9.4 சதவீதம், 2022இல் 4.5 சதவீதம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பெயர்பெற்ற மார்க் டேப்பர் அரங்கு 2023இல் தன் நாடகப் பருவத்தையே நிறுத்திவைத்தது. பெரும் நன்கொடைகள் புழங்கும் நாட்டிலேயே இதுதான் நிலை. சந்தாவை மட்டும் நம்பிய அரங்கு, சந்தாதாரரோடு சேர்ந்தே முதுமை அடைகிறது.

ஆனால் பிற மாநிலங்களில் வேறு கதையும் இருக்கிறது. மராத்தி நாடகம் இன்றும் டிக்கெட் விற்று நடக்கிறது. நாளிதழ்களில் அன்றைய நாடக விளம்பரங்கள் வருகின்றன. நடிகர் பிரசாந்த் தாம்லே 2022இல் தம் 12,500ஆவது மேடைக் காட்சியை நடத்தினார். அதற்குப் பின்னால் மராத்தியரின் நாடகப் பித்து இருப்பது உண்மை. அதோடு மாநகராட்சிகளின் பங்கும் இருக்கிறது. புணேயில் பால கந்தர்வ ரங்கமந்திர், தாணேயில் கட்கரி ரங்காயதன் போன்ற அரங்குகளை உள்ளாட்சி அமைப்புகளே கட்டி நடத்துகின்றன. பார்வையாளர் நாடகத்தைத் தேடி நகரின் மையத்துக்கு ஓட வேண்டியதில்லை. அவர் வசிக்கும் பகுதிக்கே நாடகம் வருகிறது.

பெங்களூரில் 2004இல் திறக்கப்பட்ட ரங்க சங்கரா திங்கட்கிழமை தவிர ஏறக்குறைய எல்லா நாளும் நாடகம் நடத்துகிறது. தாமதமாக வருபவர் யாராக இருந்தாலும் உள்ளே விடுவதில்லை. அரங்கு நடுத்தர அளவு. இருநூறு பேர் வந்தாலே நிறைந்தது போலிருக்கும். மும்பையில் 1978இல் தொடங்கிய ப்ருத்வி அரங்கும் இப்படித்தான். கர்நாடகத்தின் ஹெக்கோடு கிராமத்தில் கே.வி. சுப்பண்ணா வளர்த்த நீநாசம், 1985 முதல் ‘திருகாட்ட’ என்ற பயணக் குழுவை அனுப்பி, சிற்றூர்களில் தொடர்ந்து நாடகம் காட்டிவருகிறது. தினமும் திறந்திருக்கும் இடம், அளவான கூடம், விடாத தொடர்ச்சி ஆகிய மூன்றும் பழக்கத்தை உண்டாக்குகின்றன. பழக்கம் உண்டான இடத்தில் பார்வையாளர் உண்டாகிறார்.

தமிழர்களுக்கு நாடக ஆர்வமே வற்றிவிட்டது என்ற பேச்சும் பொருந்தாது. 1999இல் மேஜிக் லேண்டர்ன் குழு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியில் ‘பொன்னியின் செல்வன்’ நாடகத்தை நடத்தியபோதும், 2014இல் அது மீண்டும் மேடையேறியபோதும் ஜனங்கள் டிக்கெட் வாங்கித் திரண்டார்கள். வந்தவர்களில் சபா உறுப்பினர் அல்லாதவர்களும் இளைஞர்களும் ஏராளம். அழைக்கத் தெரிந்தால் வருவார்கள்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, சபாக்கள் கதவைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு நாடகத்துக்கும் அன்றாட டிக்கெட், அதை இணையத்தில் வாங்கும் வசதி, மாணவர்களுக்குச் சலுகை விலை ஆகியவை வேண்டும். 2018 முதல் 500 ரூபாய் வரையான நாடக டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. எனவே வரியைக் காரணம் காட்டுவதற்கில்லை. இலவசப் பாஸ் கொடுத்து அரங்கை நிரப்பும் பழக்கத்தையும் விட வேண்டும். காசு கொடுத்து வந்தவர்தான் நாடகம் பிடிக்கவில்லை என்றால் கோபப்படுவார். அந்தக் கோபம் நாடகத்துக்குத் தேவை.

இரண்டாவதாக, குழுக்கள் ஒரே அரங்கில் தொடர்ந்து நடத்திப் பார்க்க வேண்டும். ஊரெல்லாம் சுற்றி ஐந்து சபாவில் ஐந்து காட்சி போடுவதைவிட, இருநூறு பேர் அமரும் ஒரு கூடத்தில் நான்கு வார இறுதிகள் தொடர்ந்து நடத்துவது மேல். முதல் வாரம் பார்த்தவர் சொல்லி இரண்டாம் வாரம் ஆள் வருவார். செட்டை ஒவ்வொரு முறையும் பிரித்து ஏற்றும் செலவும் மிச்சம். கோடையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் நாடக விழா போன்றவை புதிய நாடகங்களைப் பிறக்க வைக்கின்றன. பிறந்த நாடகம் இருபதாவது காட்சியைத் தொட வழிசெய்யும் ஏற்பாடும் அதோடு சேர வேண்டும்.

மூன்றாவதாக, அரசும் மாநகராட்சிகளும் மராத்திய முன்னுதாரணத்தைப் பின்பற்ற வேண்டும். 1955இல் தொடங்கிய இயல் இசை நாடக மன்றம் கலைமாமணி விருதுகள் வழங்குகிறது. விருது பெரும்பாலும் கலைஞர் பெயர்பெற்ற பிறகே வருகிறது. அரங்கு அவருடைய தொடக்கக் காலத்தில் வேண்டும். தாம்பரம், ஆவடி, வேளச்சேரி, அம்பத்தூர் போன்ற பகுதிகளிலும், மதுரை, கோவை, திருச்சி, நெல்லையிலும் நாடகத்துக்கேற்ற ஒலி, ஒளி வசதிகளோடு நடுத்தர அரங்குகளைக் கட்டி, குறைந்த வாடகைக்குத் தர வேண்டும். கல்யாண மண்டபமாகவும் கூட்ட அரங்காகவும் மாற்றிவிடாமல் அவற்றை நாடகத்துக்கென்றே காக்க வேண்டும்.

நான்காவதாக, பள்ளிகள். பத்து வயதுக்குள் ஒரு நல்ல நாடகத்தை நேரில் பார்த்த குழந்தை முப்பது வயதில் அரங்கைத் தேடி வரும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரியில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர் தாங்கிய நிகழ்கலைப் பள்ளியிலும் பயின்று வெளிவரும் இளைஞர்கள் வேலைக்குச் சினிமாவையே எதிர்பார்த்திருக்கிறார்கள். அவர்களைப் பள்ளிகளுக்கு நாடகம் கொண்டுபோகும் குழுக்களாக அமர்த்தினால் இரண்டு தேவைகளும் ஒன்றாகத் தீரும்.

இவை அனைத்தும் நடக்கக் காலம் பிடிக்கும். வாசகர் செய்யக்கூடியது இந்த வாரமே செய்யக்கூடியது. உங்கள் ஊரில் நடக்கும் தமிழ் நாடகம் ஒன்றுக்குக் காசு கொடுத்து டிக்கெட் வாங்குங்கள். வீட்டில் உள்ள பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். முன் வரிசையில் உட்காருங்கள். நன்றாக இருந்தால் நாலு பேரிடம் சொல்லுங்கள். நன்றாக இல்லையென்றால் நாடகம் முடிந்ததும் எழுதியவரைத் தேடிப் போய் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அவருக்கு இன்று அதுவே பெரிய உதவி.